குப்பை எடுத்த படம்

கோயமுத்தூரில் ஒரு காலத்தில் கல்யாணத்துக்கு இடைஞ்சலாக இருந்த மருக்களும் பருக்களும் அம்மைத் தழும்புகளும் தம்பிதுரையின் மேசையில்தான் வந்து உயிரை விட்டன. ராஜ வீதிப் பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் மாடியில் அவர் டச்சிங் ஆர்ட்டிஸ்ட். ஆயுதங்கள் மூன்று: ஊசி மாதிரி சீவிய பென்சில், பாதியாக உடைத்த பிளேடு, ஒரு பூதக்கண்ணாடி. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற பெண்ணின் படம் எதுவும் அவர் கைபடாமல் மாடியை விட்டு இறங்கியதில்லை. மணவறையில் நேரில் பார்த்து மாப்பிள்ளை திகைத்தால் அதற்கு அவர் பொறுப்பல்ல. அவருடைய பொறுப்பு காகிதத்தின் நான்கு ஓரங்களுக்குள் முடிந்துவிடும்.

போத்தனூரில் தண்டவாளத்தை ஒட்டி வாடகை வீடு. வயது நாற்பத்திரண்டு. அவருடைய மூக்கின் பக்கத்திலேயே மிளகு அளவில் ஒரு மரு இருந்தது. அதை அவர் தொட்டதில்லை. கட்டிக்கொள்ள ஒருத்தி வந்திருந்தால் தொட வைத்திருப்பாள், ஆனால் அவர் பார்க்கப் போன பெண்களில் ஒருத்தியும் சம்மதிக்கவில்லை.

1997இல் அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு மருத்துவமனைக்கு விஞ்ஞானம் வந்தது. ரிப்பன் கட்டி, கத்தரிக்கோல் வைத்து, முறைப்படி வந்தது. மைக்ரோஸ்கோப்பின் தலையில் ஒரு சின்னக் கேமரா. அதிலிருந்து ஒயர் கம்ப்யூட்டருக்கு. கம்ப்யூட்டரிலிருந்து டெலிபோன் லைன் வழியாக மெட்ராசில் இருக்கும் ஒரு பேராசிரியரின் மேசைக்கு. இங்கே கண்ணாடித் துண்டில் ஒட்டிய சதையை அங்கே திரையில் பார்த்து அவர் நோயைச் சொல்லிவிடுவார். உள்ளூர் நோய்க்குறியியல் மருத்துவர் கோவிந்தராஜுலு நான்கு ஆஸ்பத்திரிகளுக்கு ஒரே ஸ்கூட்டரில் ஓடிக்கொண்டிருந்தவர். இங்கே திங்களும் வியாழனும் மட்டும்தான் வருவார். மற்ற நாட்களில் நோயாளிகள் காத்திருக்கலாம், அறுவை மேசை காத்திருக்காது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

இயந்திரம் வந்துவிட்டது, இயக்க ஆள் வேண்டுமே. சதையைச் சீவிச் சாயம் ஏற்றும் லேப் டெக்னீஷியன் ராமாமணி மவுசைப் பார்த்து இரண்டடி தள்ளி நின்றார். மருத்துவமனைச் சேர்மனுக்குத் தம்பிதுரையின் ஞாபகம் வந்தது. மகள் கல்யாண ஆல்பத்தில் சேர்மனின் வழுக்கையில் விழுந்த பிளாஷ் வெளிச்சத்தை எல்லாப் பக்கங்களிலும் அணைத்துக் கொடுத்தவர் அவர்தான். இதைவிடத் தகுதி என்ன வேண்டும்?

பெங்களூரிலிருந்து வந்த கம்பெனிக்காரன் இரண்டு நாள் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். தம்பிதுரை மூன்றாம் நாளே தேறிவிட்டார். முதல் படத்தை மெட்ராசுக்கு அனுப்பினார். மறுபக்கத்திலிருந்து டாக்டர் கோவிந்தராஜுலுவுக்குப் போன் வந்தது. போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார் டாக்டர். பேராசிரியர் அவருக்குப் பழைய வாத்தியார்.

"என்னப்பா அனுப்பியிருக்கே? திசுவா, தெருக்கூட்டினதா? படம் பூரா குப்பை!"

லென்சில் தூசி. கண்ணாடி மேல் ராமாமணியின் நீலச் சாயம் உறைந்து விழுந்த துகள்கள். போனை வைத்துவிட்டு டாக்டர் தம்பிதுரையிடம் வந்தார். "தம்பிதுரை, படம் சுத்தமா இருக்கோணும் பாத்துக்குங்க. குப்பையெல்லாம் எடுத்துப்போட்டு அனுப்புங்க. என்ற மானம் போவுது."

குப்பை எடுப்பதற்கென்றே பிறந்தவரிடம் போய்ச் சொன்னார் டாக்டர்.

கம்ப்யூட்டரில் ரப்பர் ஸ்டாம்பு போல ஒரு பொம்மை இருந்தது. அதை அழுத்திப் படத்தில் நல்ல இடத்தைக் கொஞ்சம் அள்ளி, கெட்ட இடத்தின் மேல் அப்பினால் போதும். பென்சிலும் பிளேடும் அரை நாள் செய்ததை அது அரை நிமிடத்தில் செய்தது. தம்பிதுரை லென்சைத் துடைத்தார். அதற்கு மேலும் மிச்சமிருந்த புள்ளிகளை ஸ்டாம்பால் துடைத்தார். அடுத்த படத்துக்கு மெட்ராசிலிருந்து பாராட்டு வந்தது: "இதுதாம்ப்பா படம்!"

இப்படியே மூன்று மாதம்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் தென்னையும் சின்ன வெங்காயமும் வைத்திருந்த அப்புசாமியின் மனைவி பாப்பாயிக்கு இடது கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். புகையிலையோடு முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்ததன் பலன். வயது ஐம்பது. சர்ஜன் அப்புசாமியை உட்காரவைத்து விளக்கினார். கட்டியை எடுக்கிறோம். எடுத்த கையோடு அந்தக் குழியின் ஓரத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்போம். ஓரத்தில் நோய் இல்லை என்றால் தைத்துவிடுவோம். இருந்தால் பாதித் தாடையையும் எடுத்தாக வேண்டும்.

பாப்பாயி குறுக்கே பேசினாள். "ஏனுங் டாக்டரு, மூஞ்சிய மட்டும் உட்டுப்போடுங்க. புள்ளைக்கு மாப்பள பாத்துட்டிருக்கோமுங்க. பொண்ணு பாக்க வாரவிய முன்னாடி நா ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து வெக்கோணுமல்ல? அரை மூஞ்சியோட வந்தா அவிய தண்ணி குடிப்பாங்களா?"

"ஓரம் சுத்தமா இருந்தா மூஞ்சியைத் தொடமாட்டேம்மா" என்றார் சர்ஜன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. டாக்டர் கோவிந்தராஜுலு வராத நாள். அறுவை அரங்கிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் துணுக்கு வந்தது. ராமாமணி அதை உறையவைத்து, இழை இழையாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடியைக் கொடுத்தார். உள்ளே சர்ஜன் கையுறையோடு கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். பாப்பாயி மயக்கத்தில் வாயைத் திறந்தபடி கிடந்தாள்.

தம்பிதுரை மூன்று படம் எடுத்தார். ஒன்றும் மூன்றும் பளிச். இரண்டாவது படத்தின் இடது மூலையில் மட்டும் இளஞ்சிவப்புப் பரப்பின் மேல் ஏழெட்டுக் கருநீலப் புள்ளிகள். பெரிதும் சிறிதுமாக, கண்டபடி. பார்க்கவே அசிங்கமாக இருந்தது.

"ஏனுங் அம்மணி, சாயம் மறுபடியும் கட்டி தட்டுதாட்ட இருக்குது?"

"அவசரத்துல வடிகட்டாம ஊத்திப்போட்டேனுங்ணா" என்றார் ராமாமணி. அவர் அடுத்த கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

வலது பக்கத்துச் சிவப்பை அள்ளி இடது மூலையில் அப்பினார் தம்பிதுரை. ஏழெட்டு முறை ஸ்டாம்பு. மணப்பெண்ணின் கன்னம் மாதிரி ஆகிவிட்டது. மோடம் கீச்கீச்சென்று கத்தியது. படத்துக்குப் பத்து நிமிடம். பதினொன்றரைக்கு மெட்ராஸ் பேசியது: "ஓரம் சுத்தம்."

அந்தச் சொல்லை அறுவை அரங்குக்குச் சொல்லிவிட்டுத் தம்பிதுரை சும்மா இருந்திருக்கலாம். அவரால் முடியவில்லை. வராந்தாவுக்கே ஓடிப்போய் அப்புசாமியிடம் சொன்னார்: "சுத்தமுங்க! தாடைய எடுக்கலீங்க!" அப்புசாமி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டச்சிங் ஆர்ட்டிஸ்டின் கையை அதுவரை யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

மிச்சத் துணுக்கு ஒரு புட்டியில் மருந்துத் தண்ணீருக்குள் மிதந்தது. வழக்கமாக அதை மெழுகில் பதித்து மறுபடி சீவி, நிதானமாகப் பார்ப்பார்கள். இந்த முறை பார்க்கவில்லை. மெட்ராஸ் பேராசிரியரே சொன்ன பிறகு அவருடைய மாணவர் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? பார்த்து வேறு மாதிரி தெரிந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? கண்ணாடிகள் பெட்டிக்குள் போயின.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. டாக்டர் கோவிந்தராஜுலு வேறொரு நோயாளியின் கண்ணாடியைத் திரையில் போட்டு ராமாமணிக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தா பாருங்க, சிவப்புக்குள்ள இந்தக் கருநீலப் புள்ளிக. ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, ஒரு ஒழுங்கு கெடையாது. இதுதான் சீக்கு. இதைத் தேடித்தான் இத்தனை பொழப்பும்."

தம்பிதுரை மேசையிலிருந்து எழுந்தார். "ஏனுங் டாக்டர்... அது சாயக் குப்பை இல்லீங்களா?"

"சாயம் மேலாக்கப் படிஞ்சிருக்குமுங்க. இந்தத் திருகைத் திருப்புனா சதை மங்கிப் போயி சாயம் மட்டும் தெளியும். சீக்கு அப்படியில்ல. சதையோட சதையா ஒரே மட்டத்துல உக்காந்திருக்கும்."

படத்தில் திருகு கிடையாது. படத்தில் எல்லாம் ஒரே மட்டம்தான். இதை அந்த நிமிடம் வரை தம்பிதுரைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவரும் கேட்டதில்லை.

நெகட்டிவை எறியாதது டச்சிங்காரரின் பழக்கம். மூன்று மாதத்தில் அனுப்பிய ஒவ்வொரு படத்துக்கும், துடைப்பதற்கு முந்தைய மூலத்தைப் பிளாப்பியில் வைத்திருந்தார். அத்தனையையும் டாக்டருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். மதியச் சாப்பாடு இல்லாமல் இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். தூசி, தூசி, சாயம், தூசி. கடைசி பிளாப்பியில் பாப்பாயி.

டாக்டர் பெட்டியிலிருந்து அவளுடைய கண்ணாடியை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். திருகினார். மறுபக்கம் திருகினார். சதை மங்கியபோது புள்ளிகளும் மங்கின. சதை தெளிந்தபோது அவையும் தெளிந்தன.

"உடனே கூப்புடோணும்" என்றார். "இப்ப தாடைய எடுத்துட்டாக்கூடப் பொழைக்கறதுக்கு வழியிருக்குது."

உடனே கூப்பிட அப்புசாமியின் ஊரில் போன் இல்லை. தபால் கார்டுதான். கார்டு எழுதுவது நிர்வாக அலுவலரின் வேலை. அவர் நல்ல மனிதர், அதுதான் ஆபத்து. டாக்டர் சொன்னபடி 'நோய் மிச்சம் இருக்கிறது, உடனே வரவும்' என்று எழுதியவர் நிமிர்ந்தார்.

"டாக்டர், கார்டுல போயி 'நோய்'னு எழுதுனா தபால்காரர் படிப்பாரு, ஊரே படிக்குமுங்க. பொண்ணு இருக்கற ஊடு."

நோய் போயிற்று. 'உடனே' என்பதைப் பார்த்தால் பயந்துவிடுவார்கள் என்று அதையும் அடித்தார். அடுத்த வாரம் மந்திரி வேறு இந்த இயந்திரத்தைப் பார்க்க வருகிறார் என்று சேர்மன் அறையிலிருந்து ஒரு சொல் வந்தது. கடைசியில் தபாலில் விழுந்த கார்டு இது: 'தங்கள் மனைவியாருக்குப் பயப்படும்படி ஒன்றும் இல்லை. சௌகரியப்பட்டபோது ஒருமுறை வந்து காட்டிச் செல்லவும்.'

அப்புசாமி அந்தக் கார்டை ஒரம்பரைச் சொந்தங்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார். ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியே எழுதியிருக்கிறதே! பிறகு சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். அந்த மாதம் யானைகள் இறங்கி ஏழு தென்னங்கன்றுகளை வேரோடு பிடுங்கியிருந்தன. சௌகரியப்படவில்லை.

மூன்று வாரம் பார்த்துவிட்டுத் தம்பிதுரை தானே பஸ் ஏறினார்.

"அட, கம்ப்யூட்டர் தம்பியா! வாங்க, வாங்க, உக்காருங்க!" வெளியே ஒரு தழும்பும் தெரியாத கன்னத்தோடு பாப்பாயி ஓடி வந்தாள். மோர் வந்தது. முறுக்கு வந்தது. அவள் ஒரு முறுக்கை எடுத்து அவர் கண்ணெதிரே கடக்கென்று கடித்தாள். "பாருங்க! உங்க புண்ணியத்துல முறுக்குக் கடிக்கறனுங்க. போன புதங்கெழமை பொண்ணு பாக்க வந்தாங்க. நாந்தானுங்க தண்ணி கொண்டாந்து வெச்சேன்!"

மகள் பிரவீனா வெட்கப்பட்டு உள்ளே போனாள்.

பஸ்ஸில் வரும்போது நாலு முறை மனப்பாடம் செய்த வாக்கியம் தம்பிதுரையின் வாயில் மோரோடு இறங்கிப் போயிற்று. "சும்மா... ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போனீங்கன்னா தேவலைங்க" என்றார்.

"எதும் பிரச்சனைங்களா தம்பி?" அப்புசாமி கேட்டார்.

"சேச்சே. ஒண்ணுமில்லீங்க."

திரும்பும்போது பையில் ஆறு தேங்காய் இருந்தது. போத்தனூர் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒன்றையும் உடைக்கவில்லை. ராமாமணி கேட்டதற்கு, "சொல்லிப்போட்டு வந்தேனுங்க" என்றார்.  இன்னும் பதினைந்து நாள் ஓடியது. அவர்கள் வரவில்லை. மறுபடி பஸ் ஏறினார்.

இந்த முறை பாப்பாயி ஓடி வரவில்லை. காதுக்குக் கீழே துணியை மடித்துப் பிடித்திருந்தாள். துணிக்குள் எலுமிச்சை அளவு வீக்கம்.

"பல்லு வலிங்க தம்பி. சுண்ணாம்பு தடவியிருக்குது."

தம்பிதுரை உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். புள்ளி, ஸ்டாம்பு, பிளாப்பி, கார்டு, போன முறை குடித்த மோர். சொல்லும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் 'ங்க' வந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை.

அப்புசாமிக்குப் பாதி புரியவில்லை. "படத்துல என்னமோ அழிச்சுட்டீங்க, அதுக்கென்னுங்க இப்ப? படந்தானுங்களே?"

பாப்பாயிக்குப் புரிந்துவிட்டது. துணியை எடுத்தாள். வீங்கிய கன்னத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"படத்துல தொடச்சீங்களல்ல தம்பி? வாங்க. இதயும் தொடச்சுப்போடுங்க பாக்கலாம்."

தம்பிதுரை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"போன வாட்டி வந்தப்ப ஏனுங்க சொல்லுல?"

"நீங்க முறுக்குக் கடிச்சீங்க..."

"ஆமா" என்றாள் பாப்பாயி. "நா கடிக்காம இருந்திருக்கோணும்."

அன்றைக்கே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பாதித் தாடை போயிற்று. கழுத்தில் இருந்த முடிச்சுகளும் போயின. கதிரியக்கத்தில் கன்னத் தோல் கருகியது. அதன் பிறகு அவளுக்கு முறுக்கு இல்லை, கஞ்சிதான். அதையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். பார்த்துவிட்டுப் போனவர்கள் பெண் எடுக்க மறுபடி வரவில்லை. மரியாதையாகத்தான் சொல்லி அனுப்பினார்கள்: இப்போதைக்குச் சௌகரியப்படவில்லையாம்.

மருத்துவமனைக்கு மந்திரி எப்போதோ வந்து போயிருந்தார். விசாரணை நடந்தது. மின்சாரம் ஏறி இறங்கியதால் படத்தில் மாறுதல் ஏற்பட்டிருக்கலாம் என்று முடிவானது. தம்பிதுரை எழுதிக் கொடுத்த இரண்டு பக்க ஒப்புதல் கடிதத்தை, எழுத்துப்பிழை இருக்கிறது என்று நிர்வாக அலுவலர் திருத்த வாங்கிப் போனார். இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார்.

தம்பிதுரை ஸ்டாம்பைத் தொடுவதில்லை. தூசியோடும் துகளோடும் அனுப்பினார். மெட்ராஸ் கத்தியது. "என்னய்யா, மறுபடியும் குப்பை?"

"இருக்கட்டுங்கய்யா. எது குப்பைன்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

 பேராசிரியர், "கண்ணாடியையும் தபால்ல அனுப்பு" என்றார்.

தாடை போன ஏழாம் மாதம் பரிசோதனைக்கு வந்த பாப்பாயி லேப் வாசலில் வந்து நின்றாள். பேச்சு குழறும், பழகினால் புரியும்.

"தம்பி, என்னயொரு படம் எடுங்க."

"எதுக்குங்கக்கா?"

"இப்படியே எடுங்க. தொடைக்காம. இல்லீன்னா நாளைக்கு எனக்கு ஒண்ணுமே ஆகுலன்னு சொல்லிப்போடுவாங்க."

வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். முகத்தைத் திருப்பச் சொல்லவில்லை. மேலாக்கை இழுத்துவிடச் சொல்லவில்லை. இடது பக்கம் குழிந்து, வாய் கோணி, கழுத்துவரை கறுத்து, நேரே கேமராவைப் பார்த்தாள். தம்பிதுரை எடுத்த படங்களிலேயே அதில்தான் விளக்கு சரியாக விழுந்திருந்தது.

தை மாதம் முடியும் முன் பாப்பாயி செத்துப்போனாள்.

கருமாதிக்குத் தம்பிதுரை போனார். பிரிண்ட் போட்டு, கவரில் வைத்துக்கொண்டு போனார். நடுவீட்டில் மாலை போட்டுப் பெரிய படம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. பிரவீனா டவுனில் வேறொரு ஸ்டூடியோவில் கொடுத்து வாங்கியது. பழைய ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. புகையிலைக் கறை படிந்த உதடு ரோஜா நிறம். முப்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. நல்ல கை என்று தம்பிதுரையின் கண் தன்னையறியாமல் கணக்குப் போட்டது. காதோரத்தில் மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறான்.

பக்கத்தில் நின்ற ஒரம்பரைக்காரர் கேட்டார், "உங்க வேலைங்களா? உசுரோட இருக்கறாட்டமே இருக்குதுங்க!"

"இல்லீங்க."

"சும்மா சொல்லாதீங்க" என்று அவர் மெச்சிச் சிரித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கவரை அப்புசாமியிடம் கொடுத்தார். அப்புசாமி படத்தை உருவிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரல் அந்தக் குழிந்த கன்னத்தின் மேல் ஒருமுறை போய் வந்தது. பிறகு படத்தைக் கவருக்குள் போட்டு, மடிப்பைச் சரிசெய்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"இது இங்க வேண்டாமுங்க தம்பி. புள்ள பாத்தா வெசனப்படும். நீங்க ஒண்ணும் நெனச்சுக்கப்படாது."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

அந்தப் படம் இப்போது லேபில், கம்ப்யூட்டர் திரைக்கு வலது பக்கம் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு படமும் மெட்ராசுக்குப் போகும் பத்து நிமிடமும் தம்பிதுரை அதற்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். வெளியூரிலிருந்து யாராவது இயந்திரத்தைப் பார்க்க வரும் நாட்களில் மட்டும் நிர்வாக அலுவலர் முன்கூட்டியே வந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அதைப் பிய்த்து மேசை டிராயருக்குள் வைத்துவிடுவார். கார்கள் கிளம்பிப் போன பிறகு தம்பிதுரை அதை எடுத்துப் பழைய இடத்திலேயே ஒட்டுவார். நாலு மூலையும் பிய்ந்துவிட்டன. ஓரத்தை வெட்டிச் சரி செய்யலாமே என்று ராமாமணி ஒருமுறை கத்தரிக்கோலை நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.